லக்சம்பர்க்கில் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது: கொம்யூன் முதல் லிசே வரை

லக்சம்பர்க்கில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது "நல்ல ஸ்கூல் எது?" என்றுதான். அரசுத் தொடக்கப் பள்ளியைப் பொறுத்தவரை அதை உங்கள் வீட்டு முகவரியே முடிவு செய்துவிடும். நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது வேறொன்று: பிள்ளை எந்த மொழியில் எழுதப் படிக்கக் கற்கப்போகிறது? ஆறு வயதில் எடுக்கும் அந்த முடிவு, பன்னிரண்டு வயதில் எந்த வகை மேல்நிலைப் பள்ளிக்குப் போக முடியும் என்பதுவரை கூடவே வரும். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் பிள்ளையின் வயதைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான்கு சொற்களை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கொம்யூன் என்பது உள்ளாட்சி அலுவலகம். நாடு முழுக்க 100 இருக்கின்றன. மாத்ரிக்யுல் என்பது 13 இலக்க அடையாள எண். அது இல்லாமல் எந்தப் படிவமும் நகராது. சிக்ல் என்பது தொடக்கப் பள்ளியின் இரண்டாண்டுக் கட்டம். லிசே என்பது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பள்ளி.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன் சேர்க்க வேண்டிய தாள்கள்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு தற்காலிகத் தங்கும் அனுமதி கையில் வந்த பிறகுதான் பயணம். பிள்ளைக்கும் தனியாக அது வேண்டும். "சுற்றுலா விசாவில் கூட்டி வந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த விண்ணப்பம் நாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே போட்டுப் பெறவேண்டியது.

கையோடு கொண்டுவர வேண்டியவை:

- பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ். இந்தியாவில் வாங்கியவை என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையோடு (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்றளிக்கும் முத்திரை).
- கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் மதிப்பெண் அட்டைகள், மாற்றுச் சான்றிதழ்.
- தடுப்பூசி அட்டை. இங்கே தடுப்பூசி சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் குழந்தை மருத்துவரும் பள்ளி மருத்துவக் குழுவும் அட்டையைக் கேட்பார்கள்.
- தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு வருவதாக இருந்தால், மற்றவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் அல்லது நீதிமன்ற உத்தரவு.

பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய மூன்றில் ஒன்றில் இருந்தால் அப்படியே ஏற்பார்கள். தமிழில் மட்டும் உள்ள பழைய சான்றிதழ்களை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்து முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது தருகிற இருமொழிப் பிறப்புச் சான்றிதழுக்கு இந்தச் செலவு இல்லை.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். பிறப்புச் சான்றிதழில் "கவின்" என்று மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். பள்ளி மதிப்பெண் அட்டையில் "எம். கவின்" என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை; இங்கே கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று பேர். இனிஷியல் என்ற வழக்கமே அவர்களுக்குத் தெரியாது. ஊரில் இருக்கும்போதே பிறப்புச் சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள். முடியாவிட்டால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, அதற்கும் அப்போஸ்டில் வாங்கிக்கொண்டு வாருங்கள். இங்கு வந்தபின் இதைச் சரிசெய்ய ஆரம்பித்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

2. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

அரசுத் தொடக்கப் பள்ளிக்கு வட்டார எல்லை உண்டு. பெரிய கொம்யூன்களில் தெருவைப் பொறுத்துப் பள்ளி மாறும். ஆகவே வீடு பார்க்கும்போதே கொம்யூனின் பள்ளி அலுவலகத்துக்கு அந்த முகவரியைக் கொடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி? அந்தப் பள்ளியை ஒட்டிய மெசோன் ரெலேயில், அதாவது மதிய, மாலை நேரப் பராமரிப்பு மையத்தில், இடம் இருக்கிறதா? முதல் கேள்விக்கு எப்போதும் பதில் கிடைக்கும். இரண்டாவதற்குக் "காத்திருப்புப் பட்டியல்" என்று பதில் வந்தால், வாடகை ஐம்பது யூரோ குறைவு என்பதற்காக அந்த வீட்டை எடுக்க வேண்டாம். ஏன் என்பது ஆறாவது படியில்.

வேறு கொம்யூன் பள்ளியில் சேர்க்கக் கோரலாம். தாத்தா பாட்டி வீடு, வேலையிடம் போன்ற காரணமும் இரு கொம்யூன்களின் ஒப்புதலும் வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு இது எளிதில் அமையாது.

3. வந்த முதல் வாரம்

வந்து மூன்று வேலை நாட்களுக்குள் கொம்யூனில் வருகையைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டுகள், தங்கும் அனுமதி, திருமண, பிறப்புச் சான்றிதழ்கள், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் மூலமும் நகலுமாகக் கொண்டுபோங்கள். சில கொம்யூன்களில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். விமானச் சீட்டு எடுத்த அன்றே நேரம் குறித்துவிடுவது நல்லது.

அடுத்தது மருத்துவம். ஒரு மருத்துவரின் பரிசோதனையும், தனியாகக் காசநோய்ச் சோதனையும் வேண்டும். இரண்டாவதை லீக் மெதிகோ-சோசியால் என்ற அமைப்பு செய்கிறது. பிள்ளைகளுக்கும் உண்டு. அதன்பின் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தங்கும் அட்டைக்கு விண்ணப்பம். கட்டணம் ஆளுக்கு 80 யூரோ.

பள்ளிச் சேர்க்கைக்கு அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே வசிக்கும் பிள்ளைக்குக் கல்வி கட்டாயம். எனவே வருகைப் பதிவு செய்த அன்றே, அதே கட்டடத்தில், பள்ளி அலுவலகத்துக்கும் போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள். கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். "செப்டம்பரில் வாருங்கள்" என்று யாராவது சொன்னால் பணிவாக, ஆனால் விடாமல், மறுபடி கேளுங்கள்.

4. எந்த வயதுக்கு எந்த வகுப்பு

கணக்கு எல்லாமே செப்டம்பர் 1-ஐ வைத்துத்தான். அந்தத் தேதிக்கு முன் மூன்று வயது முடிந்திருந்தால் ப்ரெகோஸ் என்ற விருப்ப வகுப்பில் சேர்க்கலாம். நான்கு முடிந்திருந்தால் பள்ளி கட்டாயம். செப்டம்பர் 3-ஆம் தேதி பிறந்த பிள்ளை ஒரு முழு ஆண்டு காத்திருக்கும், கெஞ்சிப் பயனில்லை.

சிக்ல் 1 என்பது நான்கு, ஐந்து வயது. நம் எல்கேஜி, யுகேஜி மாதிரி தோன்றும், ஆனால் எழுத்துப் பயிற்சி இருக்காது. விளையாட்டு, பாட்டு, கத்தரித்து ஒட்டுவது, மழையிலும் காட்டுக்குள் நடை. எல்லாம் லக்சம்பர்கிஷ் மொழியில். ஊரில் நான்கு வயதிலேயே இரண்டிலக்கக் கூட்டல் போட்ட பிள்ளை இங்கே ஓராண்டு முழுக்க மண்ணில் விளையாடுவதைப் பார்த்துப் பதறுகிற பெற்றோர் அநேகம். பதற வேண்டாம். அந்த இரண்டாண்டில் பிள்ளை பிடித்துக்கொள்ளும் லக்சம்பர்கிஷ்தான் அடுத்து ஜெர்மனுக்கு ஏணி.

சிக்ல் 2 (வயது 6, 7), சிக்ல் 3 (8, 9), சிக்ல் 4 (10, 11). வகுப்பை 2.1, 2.2 என்று சொல்வார்கள். ஒரு சிக்லை மூன்றாண்டாக நீட்டிக்கவும் வழி உண்டு. புதிதாக வந்த பிள்ளைக்கு மொழிக்காக இதைப் பரிந்துரைப்பது சகஜம். "ஃபெயில் ஆக்கிவிட்டார்கள்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எட்டு வயதில் கிடைக்கும் ஒரு கூடுதல் ஆண்டு, பன்னிரண்டு வயதில் பெரிய உதவி.

கட்டாயக் கல்வி இதுவரை 16 வயதுவரை இருந்தது. 2026-27 கல்வியாண்டிலிருந்து அது 18 ஆகிறது. பதினாறு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கலாம் என்ற பழைய தகவலை நம்பி வர வேண்டாம்.

5. மொழி: இங்கேதான் நேரம் செலவிடுங்கள்

வழக்கமான பாதை இது. சிக்ல் 1-இல் லக்சம்பர்கிஷ் பேச்சு. சிக்ல் 2-இல் எழுதப் படிக்கக் கற்பது ஜெர்மனில்; பிரெஞ்சு முதலில் காதால், வாயால். சிக்ல் 3-இல் பிரெஞ்சு எழுத்தும் சேர்கிறது. கணக்கு ஜெர்மனில். லிசே போனதும், பெரும்பாலான இடங்களில், அதே கணக்கு பிரெஞ்சுக்கு மாறுகிறது.

இது பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதை ஓர் எண்ணில் பாருங்கள். நாம் நாற்பத்தைந்து என்கிறோம்: முதலில் பத்து, பிறகு ஒன்று. எழுதுவதும் அதே வரிசையில். ஜெர்மனில் அது "ஐந்தும் நாற்பதும்", லக்சம்பர்கிஷிலும் அப்படியே. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் பிள்ளை முதலில் காதில் விழுந்த 5-ஐ எழுதிவிட்டு 4-ஐப் போடும், விடைத்தாளில் 54. கணக்கு தெரியாததால் வரும் தவறில்லை இது. பிரெஞ்சுக்கு மாறியதும் 97 என்பது "நான்கு இருபது, பதினேழு" ஆகிவிடும். ஊரில் கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய பிள்ளை திடீரென்று தடுமாறினால், முதலில் கேள்வியை ஆங்கிலத்திலோ தமிழிலோ சொல்லிப் பாருங்கள். சரியாகப் போட்டால், தேவை மொழி உதவி. கணக்கு டியூஷனுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி என்பதையும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள். 3,5 என்றால் மூன்றரை.

2022 செப்டம்பரில் நான்கு பள்ளிகளில் முன்னோட்டமாக ஒரு மாற்றம் தொடங்கியது: ஜெர்மனுக்குப் பதில் பிரெஞ்சில் எழுதப் படிக்கக் கற்பிப்பது. டுடெலாஞ்ச், டிஃபர்டாஞ்ச், லாரோஷெத், ஷிஃப்லாஞ்ச் ஆகிய ஊர்களில் இது நடந்தது. 2026-27-இலிருந்து நாடு முழுக்கப் பெற்றோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வருகிறது. சிக்ல் 1 முடிக்கும் பிள்ளை உங்களுக்கு இருந்தால், இந்தத் தேர்வைப் பற்றி ஆசிரியர் பேச அழைக்கும் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது பிரெஞ்சு ஓரளவு வரும் என்றால் பிரெஞ்சு. யாருக்கும் இரண்டும் தெரியாது, ஆனால் பிள்ளை லக்சம்பர்கிஷை நன்றாகப் பிடித்துவிட்டது என்றால் ஜெர்மன். இதற்கு மேல் நுணுக்கமாக ஆராய்ந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வயது வாரியாக எங்கள் கணிப்பு இதுதான். ஆறு வயதுக்குள் வந்தால் தயங்காமல் கொம்யூன் பள்ளி. ஆறிலிருந்து எட்டு வரை கொம்யூன் பள்ளியில் சேர்த்து, புதிதாக வந்தவர்களுக்கான தனி மொழி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒன்பது, பத்துக்கு மேல், குறிப்பாக இரண்டு மூன்று ஆண்டில் நாடு மாறும் வாய்ப்பு இருந்தால், எட்டாவது படியில் உள்ள அரசு சர்வதேசப் பள்ளிகள். பதினொரு வயதில் வந்த பிள்ளை ஓராண்டில் ஜெர்மனும் பிரெஞ்சும் கற்று, லிசேயில் பல்கலைக்கழகத்தை நோக்கிய கிளாசிக் பிரிவுக்குப் போகும் என்று எதிர்பார்ப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

வீட்டில் தமிழே பேசுங்கள். அரைகுறை ஜெர்மனில் பிள்ளையோடு பேசுவதைவிட, நல்ல தமிழில் பள்ளியில் நடந்ததைச் சொல்லச் சொல்வது அதிகம் உதவும்.

6. மதியம் 12 மணிப் பிரச்சினை

திங்கள், புதன், வெள்ளி: காலை 8 முதல் 12, மதியம் 2 முதல் 4. செவ்வாய், வியாழன்: காலை மட்டும். கொம்யூனுக்குக் கொம்யூன் பத்து நிமிடம் முன்பின் இருக்கும். இரண்டு மணி நேர இடைவெளியில் பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் திரும்ப வேண்டும் என்பதுதான் அடிப்படை ஏற்பாடு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது நடக்காது. அதற்குத்தான் மெசோன் ரெலே.

பள்ளிச் சேர்க்கை தானாக மெசோன் ரெலே சேர்க்கை ஆகாது. இது தனி விண்ணப்பம், தனி அலுவலகம், தனிப் பட்டியல். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு முன்னுரிமை என்பதால் இருவரின் முதலாளிகளிடமிருந்தும் பணி நேரம் குறிப்பிட்ட கடிதம் கேட்பார்கள். துணைவருக்கு இன்னும் வேலை இல்லையென்றால் பட்டியலில் கீழே போய்விடுவீர்கள். வேலை கிடைத்த அன்றே கடிதத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

கட்டணத்துக்கு செக்-செர்வீஸ் என்ற அரசுத் திட்டம் உண்டு. கொம்யூனில் பதிய வேண்டும்; வருமானச் சான்று, பிள்ளையின் மாத்ரிக்யுல் போதும். 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கும் வாரங்களில் பராமரிப்பு இலவசம். சாப்பாட்டுக்கும் விடுமுறை வாரங்களுக்கும் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம். பள்ளி வயதுக்கு முன், ஒன்று முதல் நான்கு வயதுவரை, பன்மொழித் திட்டத்தில் உள்ள கிரெஷ்களில் (குழந்தைக் காப்பகங்களில்) வாரம் 20 மணி நேரம் இலவசம்.

பலர் பணத்தை இழப்பது இங்கேதான்: செக்-செர்வீஸ் ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான் செல்லும். காலாவதியான மாதத்துக்கு முழுக் கட்டணம் பில்லில் வந்துவிடும். முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தொலைபேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். வருமானச் சான்று கொடுக்காமல் பதிந்தாலும் உச்சக் கட்டண வகையில் போட்டுவிடுவார்கள்.

சைவ உணவு, பன்றி இறைச்சி தவிர்த்த உணவு எல்லாம் படிவத்தில் குறிப்பிட இடம் இருக்கும். முட்டை, ஜெலட்டின் பற்றியும் கேட்டு எழுதிவையுங்கள்; "சைவம்" என்றால் மீன் உண்டு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வாமை இருந்தால் மருத்துவர் கடிதம் வேண்டும்.

பள்ளிக்கு என்ன வாங்க வேண்டும்? புத்தகமும் நோட்டும் கொம்யூன் தரும். உங்கள் பங்குக்குப் பை, விளையாட்டு உடை, நீச்சல் உடை, மழைக்கால ஜாக்கெட், வகுப்புக்குள் போட ஒரு ஜோடி உட்செருப்பு. கடைசியதை மறந்து முதல் நாள் ஷூவோடு அனுப்பினால் பிள்ளை காலுறையோடு நாள் முழுக்க நடக்கும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். உட்செருப்புகள் ஒரே மாடலில் இருபது ஜோடி வரிசையாகக் கிடக்கும்.

7. பிலானும் பெற்றோர் கூட்டமும்

ஒவ்வொரு பருவ முடிவிலும் பிலான் என்ற மதிப்பீட்டுத் தாள் வரும். சிக்ல் முடிவில் இன்னொன்று. ரேங்க் கிடையாது. ஆசிரியர் தனித்தனியாகக் கூப்பிட்டு விளக்குவார். அந்தச் சந்திப்பு பதினைந்து இருபது நிமிடம்தான், ஆகவே தயாராகப் போங்கள். "நன்றாகப் படிக்கிறானா?" என்று கேட்டால் "நல்ல பையன்" என்று பதில் வரும். மாறாக இப்படிக் கேளுங்கள்: இந்த சிக்ல் முடிவில் எட்ட வேண்டிய அடிப்படைத் திறனில் எது இன்னும் எட்டவில்லை? ஜெர்மன் வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது? கூடுதல் ஆதரவு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது?

மொழி தெரியாவிட்டால் பல்கலாசார இடையீட்டாளர் ஒருவரை இலவசமாக ஏற்பாடு செய்யக் கல்வி அமைச்சுக்குச் சேவை உண்டு. வேண்டுகோளை ஆசிரியர் மூலம் சில வாரங்கள் முன்பே வைக்க வேண்டும். தமிழுக்கு ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஆங்கிலம். அண்ணனையோ அக்காவையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை தம்பியின் குறையைப் பெற்றோரிடம் சொல்லாது.

கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், பள்ளியின் சிறப்புத் தேவை ஆசிரியரை (ஐ-ஈபிஎஸ் என்று அழைப்பார்கள்) கேளுங்கள். புதிய மொழியின் தடுமாற்றத்தையும் உண்மையான குறைபாட்டையும் பிரித்துப் பார்க்க, ஊரில் பிள்ளை தமிழில் எப்படிப் படித்தது என்ற தகவல் அவர்களுக்கு மிகவும் உதவும்.

8. அரசு சர்வதேசப் பள்ளிகள்: இலவசம் என்பதே பலருக்குத் தெரியாது

டிஃபர்டாஞ்ச், ஜங்லின்ஸ்டர், மோன்டோர்ஃப், கிளெர்வோ, மெர்ஷ், தலைநகர் ஆகிய இடங்களில் அரசே ஐரோப்பியப் பாடத்திட்டப் பள்ளிகளை நடத்துகிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எனப் பிரிவுகள். எந்தப் பிரிவிலும் இரண்டாம் மொழியும் லக்சம்பர்கிஷும் உண்டு. முடிவில் ஐரோப்பிய பாக்கலோரியா என்ற பள்ளியிறுதிச் சான்றிதழ். கட்டணம் இல்லை. இங்கே தொடக்கப் பள்ளி ஐந்தாண்டு, மேல்நிலை ஏழாண்டு. கொம்யூன் பள்ளியின் ஆறாண்டுக் கணக்கோடு (சிக்ல் 2 முதல் 4 வரை) குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதுதவிர தலைநகரின் லிம்பர்ட்ஸ்பர்கில் உள்ள லிசே மிஷெல் லுசியுஸ் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் ஏ-லெவல் என்ற பள்ளியிறுதித் தேர்வு வரை ஆங்கிலத்தில் நடத்துகிறது. ஆத்தெனே லிசேயில் ஐபி (சர்வதேச பாக்கலோரியா) டிப்ளமோ ஆங்கிலத்தில் உண்டு.

பெயரில் ஏமாறாதீர்கள். கிர்ஷ்பர்கிலும் மாமெரிலும் உள்ள "ஐரோப்பியப் பள்ளி" வேறு. அது ஐரோப்பிய ஒன்றிய ஊழியர்களின் பிள்ளைகளுக்கு. இடமிருந்து மற்றவர்களைச் சேர்த்தால் ஆண்டுக்குச் சில ஆயிரம் யூரோ. தனியார் சர்வதேசப் பள்ளிகளில் மேல் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 20,000 யூரோ அளவுக்கும் அதற்கு மேலும் ஆகும். நிறுவனம் கட்டுகிறது என்றால், எத்தனை ஆண்டு கட்டும் என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இலவசம் என்பதால் இடம் சீக்கிரம் நிரம்பும். ஒவ்வொரு பள்ளியும் தன் விண்ணப்பத் தேதியைத் தானே அறிவிக்கிறது. செப்டம்பர் சேர்க்கைக்கு ஜனவரியிலிருந்தே அவர்கள் இணையதளத்தைப் பார்த்துவாருங்கள். ஒரே பள்ளியை நம்பி இருக்காமல், விண்ணப்பித்துவிட்டுக் கொம்யூன் பள்ளியிலும் பெயர் கொடுத்துவையுங்கள்.

9. பன்னிரண்டு வயதுத் தீர்மானம்

சிக்ல் 4-இன் கடைசி ஆண்டில் ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து பிள்ளை எந்தப் பிரிவுக்குப் போகும் என்று முடிவெடுப்பார்கள். மூன்று வழிகள்: கிளாசிக் (7சி), பொது (7ஜி), ஆயத்த வழி (7பி). கிளாசிக் பல்கலைக்கழகத்தை நோக்கியது. ஜெர்மனும் பிரெஞ்சும் இரண்டுமே வலுவாக இருக்க வேண்டும். பொதுப் பிரிவிலிருந்தும் பல்கலைக்கழகம் போகலாம், தொழிற்பயிற்சிக்கும் போகலாம். ஆயத்த வழி அடிப்படைத் திறன்கள் இன்னும் எட்டாத பிள்ளைகளுக்கு.

ஆசிரியரின் கருத்தோடு உடன்படாவிட்டால் அதை அங்கேயே சொல்லுங்கள். விஷயம் வழிகாட்டுக் குழுவிடம் போகும். அதன் முடிவுதான் நிற்கும். எதிர்பார்ப்பு சிக்ல் 4-இன் முதல் பருவத்திலேயே பேசப்பட்டிருக்க வேண்டும். ஜூன் மாதம் அழுது பயனில்லை. பொதுப் பிரிவைத் தமிழ்ப் பெற்றோர் தோல்வியாகப் பார்ப்பது வழக்கம். அந்தப் பிரிவில் தலை நிமிர்ந்து படித்து மேலே போகும் பிள்ளையைவிட, கிளாசிக்கில் மூச்சுத் திணறி இரண்டாண்டில் இறங்கும் பிள்ளைக்குத்தான் அடி பலம்.

லிசேயில் இரண்டு விஷயம் தலைகீழாக இருக்கும். ஒன்று வகுப்பு எண்: 7-இல் தொடங்கி 1-இல் முடியும். ஊர்க் கணக்கோடு பொருத்த எளிய வழி, இரண்டையும் கூட்டினால் 14 வரும். நம் எட்டாம் வகுப்பு இங்கே 6, ஒன்பது இங்கே 5, பத்து இங்கே 4, பன்னிரண்டு இங்கே 2. அதாவது ஊரில் பிளஸ் டூ முடிக்கும் வயதில் இங்கே இன்னும் ஓராண்டு பாக்கி. படிவத்தில் "5-ஆம் வகுப்பு" என்று வெறுமனே எழுதினால் பத்து வயதுப் பிள்ளையா, பதினான்கா என்று அவர்களுக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம்; வயதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டாவது மதிப்பெண். எல்லாம் 60-க்கு. 30 எடுத்தால் தேர்ச்சி. பிள்ளை கணக்கில் 38 வாங்கி வந்தால் திட்டுவதற்கு முன் வகுத்துப் பாருங்கள், அறுபத்து மூன்று சதவீதம். இங்கே 50-க்கு மேல் போவது நல்ல மாணவர்களுக்கே அபூர்வம்.

10. பன்னிரண்டைத் தாண்டி வந்தால்

கொம்யூனுக்குப் பள்ளிக்காகப் போக வேண்டியதில்லை, லிசே வாசலிலும் நேராக நிற்க வேண்டாம். கல்வி அமைச்சின் எஸ்ஐஏ என்ற ஒருங்கிணைப்பு, வரவேற்புச் சேவையில் நேரம் குறியுங்கள். மதிப்பெண் அட்டைகள், அடையாள ஆவணங்களோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கணக்கையும் மொழியையும் சோதித்து, வரவேற்பு வகுப்பு, பிரெஞ்சு அல்லது ஜெர்மன் தீவிர வகுப்பு, ஆங்கிலப் பிரிவு என்று ஒன்றைப் பரிந்துரைப்பார்கள். பதினாறுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி ஒருங்கிணைப்பு வகுப்புகள் உண்டு.

சோதனைக்கு முன் ஓய்வு கொடுங்கள். விமானத்திலிருந்து இறங்கிய மறுநாள் போய் உட்கார்ந்த பிள்ளையின் கணக்கு மதிப்பெண்ணை வைத்து ஓராண்டு கீழே போட்டுவிட்டால் மாற்றுவது கடினம். ஊர்ப் பாடப்புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுபோவதும் நல்லது. "இயற்கணிதம் இதுவரை முடித்திருக்கிறான்" என்று காட்ட அதைவிடத் தெளிவான தாள் இல்லை.

11. வரும் பணம், போகும் பணம்

பிள்ளைக்கான மாத உதவித்தொகை ஏறத்தாழ 300 யூரோ. வயது கூடினால் சிறு சேர்க்கை. தானாக வராது. எதிர்காலத்துக்கான குழந்தைகள் நிதியத்துக்கு (சுருக்கமாக சிஏஇ) விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், தங்கும் அட்டை நகல் அனுப்ப வேண்டும். அது தொடங்கிவிட்டால், பள்ளி திறக்கும் முன் ஆண்டுக்கொரு முறை 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு 115 யூரோவும், 12-க்கு மேல் 235 யூரோவும் கூடுதலாக வரும்.

லிசேயில் கட்டாயப் பாடப்புத்தகங்கள் 2018-19 முதல் இலவசம். மைபுக்ஸ் என்ற செயலி வழியாகப் பட்டியலைப் பார்த்து புத்தகக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். செப்டம்பர் முதல் வாரத்தில் கடைகளில் கூட்டம் அலைமோதும். பட்டியல் திறந்ததுமே போய்விடுங்கள். கால்குலேட்டர், எழுதுபொருள் உங்கள் செலவு. பேருந்து, ரயில், டிராம் 2020 முதல் நாடு முழுக்க இலவசம், ஆகவே பள்ளிப் பயணத்துக்குச் செலவே இல்லை.

12. விடுமுறையும் ஊர்ப் பயணமும்

கல்வியாண்டு செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜூலை நடுவில் முடியும். நவம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு, பிப்ரவரி வாக்கில் ஒன்று, ஈஸ்டருக்கு இரண்டு, மே வாக்கில் ஒன்று என விடுமுறைகள். தேதிகளை அமைச்சு பல ஆண்டுகளுக்கு முன்னரே வெளியிட்டுவிடும். விமானச் சீட்டை அதைப் பார்த்தே எடுங்கள்.

ஜூலை முதல் வாரத்தில் சீட்டு மலிவு என்று பத்து நாள் முன்பே கிளம்புவது இங்கே நடக்காது. நோயென்றால் அன்றே தெரிவிக்க வேண்டும். ஒரு நாள் விடுப்பை வகுப்பு ஆசிரியரே தருவார். அதற்கு மேல் எழுத்துப்பூர்வமாக மேலிடத்தில் கேட்க வேண்டும். மலிவான சீட்டு ஏற்கத்தக்க காரணம் ஆகாது. தாத்தாவின் இறுதிச் சடங்கு, நெருங்கிய உறவில் திருமணம் போன்றவற்றுக்குத் தருவார்கள். அழைப்பிதழின் நகலோடு இரண்டு வரி பிரெஞ்சு விளக்கமும் இணைத்துக் கொடுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு நாள் வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே இரண்டு தேதியையும் ஆசிரியரிடம் சொல்லிவைத்தால், பெரும்பாலும் அவர் அந்த நாளில் தேர்வு வைக்காமல் பார்த்துக்கொள்வார்.